பதிவேட்டில் ‘இனம்’ என்றொரு கட்டம்

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்களைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிக் குறிப்பைப் படித்துவிட்டு, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் ஒரே பொருளைத் தொட்டிருந்தன. வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த இருவர் மணந்துகொள்வதைத் தடுத்த சட்டங்களையும், அவற்றின் கீழ்க் குடும்பம் நடத்தியவர்களின் நிலையையும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே வில்லங்கச் சான்று, பட்டா மாற்றம் முதலிய வழக்கமான கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். முப்பது ஆண்டுகள் சார்பதிவாளராக இருந்து திருமணப் பதிவேடுகளில் கையெழுத்திட்டவன் என்பதைத் தவிர இதைப் பேச எனக்கு வேறு தகுதியில்லை. ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாமே கடைசியில் ஏதோ ஒரு பதிவேட்டில் வந்து உட்கார்ந்தவைதாம்.

கேள்வி: என் பாட்டனாரின் தமையனார் 1910-ஆம் ஆண்டு வாக்கில் சபுரு (கடல்கடந்து பிழைக்க) போய், டர்பனில் ஒரு கடையில் வேலைக்கு அமர்ந்தவர். 1931-இல் ஆங்கிலேய வம்சத்துப் பெண் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவர்களுடைய ஒரே மகன் லண்டனுக்குப் படிக்கப் போய், 1957-இல் அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். பிறகு டர்பனுக்குத் திரும்பவேயில்லை. 1961-இல் தாயின் ஜனாஸாவுக்குக்கூட வரவில்லை என்று எங்கள் வீட்டில் இன்றும் குறை சொல்வார்கள். “சட்டம் எங்களை உள்ளே விடாது” என்று அவர் எழுதிய கடிதம் ஒன்று வாப்பாவின் பெட்டியில் அண்மையில் கிடைத்தது. ஒரு சட்டம் அப்படித் தடுக்குமா, அல்லது அது வெறும் சாக்கா? தடுக்கும் என்றால், அவருடைய பெற்றோரின் மணம் மட்டும் எப்படிச் செல்லுபடியானது?
— வாசகர், கீழக்கரை

பதில்: அது சாக்கு அன்று, ஆனால் முழு உண்மை என்றும் சொல்வதற்கில்லை. பெற்றோரின் மணத்திலிருந்து தொடங்குகிறேன்.

1948 தேர்தலில் வென்று தென்னாப்பிரிக்காவில் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, இனஒதுக்கல் கொள்கையின் பெயரால் கொண்டுவந்த முதற் சட்டங்களுள் ஒன்று கலப்பு மணத் தடைச் சட்டம். 1949-ஆம் ஆண்டின் 55-ஆம் எண் சட்டமான அது அவ்வாண்டு ஜூலை 8 அன்று நடைமுறைக்கு வந்தது. வெள்ளையர் ஒருவருக்கும் வெள்ளையரல்லாத ஒருவருக்கும் இனிமேல் மணம் செய்துவைக்கக் கூடாது என்பதே அதன் சாரம். “இனிமேல்” என்ற சொல்லைக் கவனியுங்கள்: ஏற்கெனவே நடந்திருந்த மணங்களை அது கலைக்கவில்லை. ஆகவே 1931-இல் பதிவான தங்கள் பெரியவரின் மணம் 1949-க்குப் பிறகும் மணமாகவே இருந்தது.

மணம் நின்றது, வீடு நின்றதா என்பது வேறு. எந்த இனத்தார் நகரத்தின் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்பதை 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் வகுத்தது. வெள்ளையரல்லாதவரை மணந்து அவரோடு வாழும் பெண்ணை, அவள் எந்த இனத்தில் பிறந்திருந்தாலும், கணவனின் குழுவோடு சேர்த்தே அச்சட்டம் எண்ணியது. அப்படிப் பார்த்தால், ஆங்கிலேய வம்சத்தில் பிறந்த அந்த அம்மையார், குடியிருப்பு விஷயத்தில் மட்டும், ஒரு கையெழுத்தில் கணவரின் இனத்தவராகிவிட்டார். பிறந்த வீட்டுத் தெருவில் அவர் விருந்தாளியாகப் போகலாம். கணவரோடு குடிபோக முடியாது.

இனி மகனுக்கு வருவோம். உள்நாட்டில் முடியாவிட்டால் கப்பலேறிப் போய் வெளிநாட்டில் மணந்துகொண்டு வரலாமே என்று எவருக்கும் தோன்றும். சட்டம் எழுதியவர்களுக்கும் அது தோன்றியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவை நிலையான இருப்பிடமாகக் கொண்ட ஆண் ஒருவர் வெளிநாட்டில் இத்தகைய மணம் செய்துகொண்டால், அந்நாட்டு எல்லைக்குள் அது செல்லாது என்று 1949-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. குடிமக்கள் வெளிநாட்டில் செய்துகொண்ட மணங்களையும் வளைத்துப் பிடிக்க 1968-இல் ஒரு திருத்தம் வந்தது. லண்டனில் கணவன் மனைவியாக இருந்த இருவர், டர்பன் துறைமுகத்தில் இறங்கியவுடன் வெறும் ஆணும் பெண்ணும் ஆகிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் ஒரே அறையில் தங்கினால் ஒழுக்கக்கேட்டுச் சட்டம் காத்திருந்தது. 1927-இல் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையிலான உறவை மட்டும் குற்றமாக்கியிருந்த அதை, 1950-இல் இந்தியர் உட்பட வெள்ளையரல்லாதார் அனைவருக்கும் நீட்டினார்கள். அவர் மணந்த அதே 1957-இல் வந்த புதிய வடிவத்தில், 16-ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

ஆகவே மனைவியோடு வந்து தாய்வீட்டில் தங்குவது அவருக்கு இயலாத காரியம். தனியாக வந்து தாயை அடக்கம் செய்துவிட்டுத் திரும்புவதை இந்தச் சட்டங்கள் தடுக்கவில்லை. “எங்களை” என்று அவர் எழுதியிருப்பதை நான் அப்படித்தான் படிக்கிறேன். மனைவியை வாசலில் நிறுத்திவிட்டு நுழைய வேண்டிய வீட்டுக்குள் நுழைய அவருக்கு மனம் வரவில்லை போலும். அதைக் குறை என்று சொல்வதா என்பதைத் தங்கள் வீட்டார்தாம் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை அவர்களுக்கு ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

இதே காலத்தில் ஓர் அரச குடும்பத்துக்கும் இது நேர்ந்தது. இன்றைய போட்ஸ்வானாவில், அன்றைய பெச்சுவானாலாந்தில், ஒரு குலத்தின் தலைமைக்கு உரியவரான செரட்சே காமா, ரூத் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்ணை 1948 செப்டம்பரில் லண்டனில் மணந்தார். பக்கத்து நாடான தென்னாப்பிரிக்கா இதைச் சகிக்கவில்லை. அதன் மனம் கோணக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு அவரைச் சொந்த மண்ணிலிருந்து விலக்கி வைத்தது. தலைமையைத் துறப்பதாக ஒப்புக்கொண்ட பிறகே, 1956-இல், அவர் குடும்பத்தோடு ஊர் திரும்ப முடிந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1966-இல், சுதந்திர போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவராகவும் ஆனார்.

இன்னொன்று. இச்சட்டம் எல்லா இனங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியன்று. இந்தியர் ஒருவர் ஆப்பிரிக்கரை மணப்பதை 1949-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கவில்லை. சுவர் ஒரு வீட்டைச் சுற்றி மட்டுமே எழுப்பப்பட்டது.

கேள்வி: காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் திருமணச் சட்டத்தை எதிர்த்தும் போராடினார் என்று படித்தேன். அது இந்தச் சட்டந்தானா?
— மாணவர், இராமநாதபுரம்

பதில்: இல்லை, அது முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் முந்தியது. கிறித்தவ முறைப்படி நடக்காத, பலதார மணத்தை ஏற்கும் சமயங்களின் முறைப்படி நடந்த மணங்கள் செல்லா என்ற பொருளில், தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண உச்ச நீதிமன்ற நீதிபதி சேர்ல் 1913 மார்ச் 14 அன்று ஒரு தீர்ப்பு வழங்கினார். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் ஆகியோரின் மனைவியர் அனைவரும் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்று ஆகிவிட்டது. தீர்ப்பில் இனம் என்ற சொல்லே இல்லாவிட்டாலும், அடி விழுந்தது இந்தியர் மீதுதான். அவ்வாண்டுச் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் பெருந்திரளாகச் சிறை புகுந்ததற்கு இது ஒரு முதன்மைக் காரணம். அவர்களுள் ஒருவரான தில்லையாடி வள்ளியம்மை, சிறையில் கண்ட காய்ச்சல் தீராமல் 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அவ்வாண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், ஒருவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் அம்மணங்களை ஏற்றுக்கொண்டது.

கேள்வி: பெரியவர்கள் விரும்பித் துணிகிறார்கள், விளைவையும் தாங்குகிறார்கள். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அவர்களை எந்த இனம் என்று பள்ளியில் எழுதினார்கள்?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அம்மா, இதுதான் அந்த நாட்டு அதிகாரிகளுக்கே விடை தெரியாமல் போன கேள்வி. 1950-இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம், ஒவ்வொருவரையும் வெள்ளையர், கலப்பினத்தவர், ஆப்பிரிக்கர் என்று பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. வெள்ளையர் யார் என்பதற்கு அச்சட்டம் தந்த இலக்கணம் இது: தோற்றத்தில் வெளிப்படையாக வெள்ளையராக இருப்பவர், அல்லது வெள்ளையர் என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுபவர். தோற்றத்தில் வெள்ளையராக இருந்தும் கலப்பினத்தவர் என்று ஊரார் கருதினால் அவர் வெள்ளையர் அல்லர். முப்பது ஆண்டுகளில் எத்தனையோ படிவங்களைப் பார்த்திருக்கிறேன். அண்டைவீட்டாரின் எண்ணத்தை ஆவணமாக ஏற்கும் படிவத்தை நான் கண்டதில்லை. ஐயம் வந்தபோது தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். அது நழுவி விழுந்தால் ஓர் இனம், சுருளில் சிக்கி நின்றால் இன்னோர் இனம்.

1959-இல் கலப்பினத்தவர் என்ற கட்டத்தையே ஏழாக உடைத்தார்கள்: கேப் கலப்பினத்தவர், மலாய்க்காரர், கிரிக்குவா, சீனர், இந்தியர், பிற ஆசியர், பிற கலப்பினத்தவர். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து மரைக்காயர் குடும்பம் ஒன்று அந்த அலுவலகத்தில் போய் நின்றிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அரபுக் கப்பலோட்டிகளுக்கும் இந்தக் கரைப் பெண்களுக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்த மணங்களின் வழிவந்தவர்கள், தமிழையே அரபு எழுத்தில் எழுதியவர்கள், ஏழில் எந்தக் கட்டத்துக்குள் அடங்குவார்கள்?

ஒரு சிறுமியின் கதை இந்தப் பதிவேட்டின் குணத்தை முழுவதும் காட்டிவிடும். 1955-இல் பிறந்த சாண்ட்ரா லேங் என்பவரின் பெற்றோர் இருவரும் வெள்ளையர் என்று பதிவானவர்கள். மூன்று தலைமுறைக்கு அப்படித்தான். ஆனால் முன்னோர் யாரிடமிருந்தோ வந்த நிறமும் சுருள்முடியும் அவருக்கு வாய்த்திருந்தன. பத்து வயதில், 1966-இல், வெள்ளையர் பள்ளியிலிருந்து காவலர் துணையோடு வெளியேற்றப்பட்டு, கலப்பினத்தவர் என்று பதிவு மாற்றப்பட்டார். தந்தை நீதிமன்றம் ஏறி இறங்கினார். பெற்றோர் இருவரும் வெள்ளையராகப் பதிவாகியிருந்தால் பிள்ளையும் வெள்ளையரே என்று 1967-இல் சட்டத்தைத் திருத்தியபின் அவர் மறுபடியும் வெள்ளையரானார். பதிவு திரும்பியது; பழைய பள்ளித் தோழிகள் திரும்பவில்லை. பின்னாளில் அவர் ஆப்பிரிக்கர் ஒருவரோடு வாழச் சென்று பிள்ளைகள் பெற்றபோது, வெள்ளைத் தாயிடம் கலப்பினப் பிள்ளைகள் இருக்க முடியாது என்று சட்டம் குறுக்கே நின்றது. பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்வதற்காக, தந்தை அத்தனை பாடுபட்டு மீட்டுத் தந்த பதிவைத் தாமே மாற்றித் தரும்படி அவர் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று.

இன்று உலகம் அறிந்த நகைச்சுவைக் கலைஞரான ட்ரெவர் நோவா 1984 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். தாய் கோசா என்னும் ஆப்பிரிக்க இனத்தவர், தந்தை சுவிட்சர்லாந்துக்காரர். அவர் பிறந்ததே சட்டப்படி ஒரு குற்றத்துக்குச் சான்று. வெளியே போகும்போது தந்தை எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்து வந்ததை அவரே சொல்லியிருக்கிறார். மறு ஆண்டில், 1985-இல், மணத் தடையும் ஒழுக்கக்கேட்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும் நீக்கப்பட்டன. அதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். குழுப் பகுதிச் சட்டமும் மக்கள்தொகைப் பதிவுச் சட்டமும் 1991 வரை இருந்தன. இடைப்பட்ட ஆறாண்டுகளில் வெள்ளையரும் இந்தியரும் தாராளமாகத் தாலி கட்டிக்கொள்ளலாம். சேர்ந்து எந்தத் தெருவில் குடியிருப்பது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதற்கு மட்டும் விடை கிடையாது.

கேள்வி: சுதந்திரம் பேசும் அமெரிக்காவிலும் இப்படி இருந்ததா?
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: இருந்தது, தென்னாப்பிரிக்காவைவிட மிகப் பழையது. வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்சர்ட் லவிங் என்னும் வெள்ளைக்காரக் கொத்தனாரும், கறுப்பின, செவ்விந்திய வம்சத்தவரான மில்ட்ரெட் ஜீட்டரும் தங்கள் மாநிலத்தில் மணக்க முடியாததால், 1958 ஜூனில் வாஷிங்டன் நகருக்குப் போய் மணந்து ஊர் திரும்பினர். ஐந்து வாரம் கழித்து நள்ளிரவில் உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரிஃப் படுக்கையறைக்குள் நுழைந்தார். சுவரில் மாட்டியிருந்த திருமணச் சான்றிதழை மனைவி காட்டியபோது, அது இங்கே செல்லாது என்றார். பதிவாளராக இருந்தவனுக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ தைக்கிறது. ஓராண்டுச் சிறை; ஆனால் மாநிலத்தை விட்டு வெளியேறி இருபத்தைந்து ஆண்டுகள் சேர்ந்து திரும்பாதிருந்தால் அது நிறுத்திவைக்கப்படும் என்பது தீர்ப்பு. அதே நீதிபதி 1965-இல், கடவுள் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், மலாய், சிவப்பு என்று இனங்களைப் படைத்துத் தனித்தனிக் கண்டங்களில் வைத்ததே அவை கலக்கக்கூடாது என்பதற்காகத்தான் என்று எழுதிவைத்தார். அந்தப் பட்டியலில் இந்தியர் எங்கே என்று தேட வேண்டாம்.

1963-இல் மில்ட்ரெட் அரசுத் தலைமை வழக்குரைஞராக இருந்த ராபர்ட் கென்னடிக்கு ஒரு கடிதம் எழுதினார்; அதிலிருந்து தொடங்கிய வழக்கில், 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அச்சட்டத்தை வீழ்த்தினர். அந்நாளில் பதினாறு மாநிலங்களில் இத்தகைய சட்டம் இருந்தது. அலபாமா தன் அரசியலமைப்பிலிருந்து அவ்வரியை நீக்கியது 2000-இல்தான்.

நம்மவர் கதையும் அங்கே உண்டு. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குக்கு உழவு வேலைக்குச் சென்ற பஞ்சாபியர், 1910-களின் இறுதியிலிருந்து மெக்சிகப் பெண்களை மணந்தனர். இருவரின் நிறமும் ஒத்திருப்பதாக அலுவலகக் குமாஸ்தாவின் கண்ணுக்குப் பட்டால் உரிமம் கிடைத்தது. படாவிட்டால் அடுத்த மாவட்டத்துக்குப் போனார்கள். சட்டம் எத்தனை பக்கமானாலும், அதைப் படிப்பது மேசைக்குப் பின்னால் இருக்கும் ஒருவரின் கண்தான்.

கேள்வி: ஜெர்மனியிலும் இருந்ததல்லவா?
— வாசகர், உச்சிப்புளி

பதில்: ஆம். 1935 செப்டம்பர் 15 அன்று நூரம்பர்க்கில் அறிவித்த சட்டங்களுள் ஒன்று யூதருக்கும் ஜெர்மானியருக்கும் இடையில் மணத்தைத் தடுத்தது. அங்கே சட்டம் எங்கே போய் முடிந்தது என்பது தங்களுக்குத் தெரியும்.

கேள்வி: எங்கள் ஊரில் பர்மாவில் பெண்ணெடுத்த குடும்பங்கள் உண்டு. அங்கும் தடை இருந்ததா?
— வாசகர், தொண்டி

பதில்: தடை என்பதைவிடக் கட்டுப்பாடு என்பது பொருந்தும்; இனத்தைச் சொல்லாமல் சமயத்தைச் சொல்லி வந்தது. இந்திய முஸ்லிம்களுக்கும் பர்மியப் பெண்களுக்கும் பிறந்தவர்களை அங்கே ஜெர்பாடி என்பார்கள். 1938-இல் ரங்கூனில் இந்தியருக்கு எதிராகக் கலவரம் மூண்டது. அடுத்த ஆண்டே பௌத்தப் பெண்களின் சிறப்புத் திருமண, வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதை முழுவதும் வெறுப்பின் விளைவு என்று நான் தள்ளமாட்டேன். அங்கே ஒரு குடும்பமும் இங்கே ஒரு குடும்பமுமாக இருந்துவிட்டு, கப்பலேறியபின் அங்குள்ளவளுக்கு ஒரு காசும் வைக்காதவர்கள் நம் கரையிலும் இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குச் சொத்தில் உரிமை வேண்டும் என்பது நியாயந்தான். ஆனால் 2015-இல் மியான்மரில் வந்த புதிய சட்டம் வேறு வகை. பௌத்தப் பெண் பிற சமயத்தவரை மணப்பதானால், விண்ணப்பத்தைப் பதினான்கு நாள் பொதுப் பார்வைக்கு ஒட்டி, மறுப்பு கேட்க வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நமது 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமும் முப்பது நாள் அறிவிப்பு கேட்கிறது. அது எல்லாச் சமயத்தாருக்கும் ஆண் பெண் இருவருக்கும் பொது என்பது பெரிய வேற்றுமை. ஆயினும் அலுவலகப் பலகையில் ஒட்டிய அறிவிப்பைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, மணமக்களின் ஊருக்குச் செய்தி சொல்ல ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். படமெடுப்பவர் கேட்பது இனமன்று, சாதி. நம் பக்கத்தில் ‘கலப்புத் திருமணம்’ என்றாலே அதுதானே பொருள்! இணையர் விரும்பினால் தவிர இந்த அறிவிப்பை ஒட்டத் தேவையில்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நம் மாநிலத்திலும் அது வர வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: கப்பலில் வேலை செய்யும் என் மகன் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருவரை மணக்க விரும்புகிறான். இருவரும் கத்தோலிக்கர். நம் ஊரில் மணம் செய்யச் சட்டம் இடம் தருமா? படிவத்தில் அவளுடைய இனத்தை என்னவென்று எழுதுவது?
— வாசகி, பாம்பன்

பதில்: தாராளமாக இடம் தரும். இதே பெண் 1933-இல் கலிபோர்னியாவில் ஒரு வெள்ளையரை மணக்க நினைத்திருந்தால் முடிந்திராது. பிலிப்பைன்ஸ்காரரைத் தடுப்பதற்காகவே அவ்வாண்டு அங்கே சட்டத்தில் ‘மலாய்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள்.

இங்கே இரண்டு வழிகள் உள்ளன. பங்குக் கோவிலில் ஓலை வாசித்து, அதாவது மண அறிவிப்பைச் சபையில் படித்து, மணம் முடிக்கலாம். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டப்படி அது செல்லும். பதிவு அலுவலகத்தில் முடிப்பதானால், இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்து மேலும் முப்பது நாள் கழிய வேண்டும். மகனுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மகனின் கப்பல் விடுப்பைக் கணக்கிட்டு, அவன் ஊர் வந்தவுடன் தொடங்குங்கள். மணம் செய்யத் தடை ஏதுமில்லை என்று அவளுடைய நாட்டுத் தூதரகம் தரும் சான்றை எவ்வழியாயினும் முன்கூட்டியே வாங்கிவைக்கச் சொல்லுங்கள். தாமதம் நேர்வதெல்லாம் அதில்தான்.

இனத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சிறப்புத் திருமணச் சட்ட அறிவிப்புப் படிவத்தில் பெயர், மணமாகாதவரா துணையை இழந்தவரா என்ற நிலை, தொழில், வயது, இருப்பிடம், நிலையான இருப்பிடம், அங்கே தங்கியிருக்கும் காலம் ஆகியவைதாம் உண்டு. இனத்துக்குக் கட்டம் இல்லை. சாதிக்கும் சமயத்துக்கும் இல்லை. மேசைக்குப் பின்னால் இருப்பவர் வாய்மொழியாகக் கேட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. பதிவு நாளில் சாட்சிகள் மூவர் வேண்டும். அடையாளச் சான்றுகளோடு காலையிலேயே வரச் சொல்லிவிடுங்கள்.